மொசைக் தரை மேல் மர டிசைன் வினைல் பலகை: எதைப் பார்த்து வாங்குவது?

மாம்பலவாசி · ஜனவரி 12, இரவு 9:40

வணக்கம் நண்பர்களே. மேற்கு மாம்பலத்தில் 1994-இல் கட்டிய அடுக்ககம், இரண்டாம் மாடி. ஹால், இரண்டு படுக்கையறை எல்லாம் அந்தக் காலத்து மொசைக். அங்கங்கே கீறல். சமையலறை வாசல் பக்கம் கல் பெயர்ந்து ஒரு குழி, துடைப்பம் போட்டால் குப்பை அதில்தான் போய் உட்காருகிறது.

உடைத்து டைல்ஸ் போடத் தெம்பு இல்லை. அம்மாவுக்கு 72 வயது, அந்தத் தூசியில் பத்து நாள் இருக்க முடியாது. கீழ்வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்தாலே மேலே வந்து விசாரிப்பவர். அதனால் மொசைக் மேலேயே மர டிசைன் வினைல் பலகை போட்டுவிடலாம் என்று வீட்டம்மா சொல்கிறார். அவருக்குத் தேக்கு நிறம் வேண்டும்.

மூன்று கடை ஏறி இறங்கினேன். சதுர அடிக்கு, போடும் கூலியோடு:
பசை வைத்து ஒட்டுவது, 2 மி.மீ., 75 ரூபாய்.
எஸ்பிசி, 4 மி.மீ., 115 ரூபாய்.
எஸ்பிசி, 5.5 மி.மீ., 165 ரூபாய்.
எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி தனி.

மூன்று கடையிலும் சொன்ன ஒரே வசனம்: "நூறு சதவீதம் வாட்டர்புரூஃப் சார், தண்ணி ஊத்திக் கழுவலாம்." ஒரு கடைக்காரர் "மேல் லேயர் பன்னிரண்டு மில்" என்றார். 12 மி.மீ. என்று நினைத்து அசந்துபோய் வீட்டுக்கு வந்து அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தேன். பலகையே அவ்வளவு தடிமன் இல்லையே!

மொத்தம் 446 சதுர அடி. ஹாலில் மேற்கே பார்த்த பால்கனிக் கண்ணாடிக் கதவு இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் ஹாலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். எதைப் போடலாம்?

---

தளக்காரன்_கோவை · ஜனவரி 12, இரவு 10:55

சார், பதினோரு வருஷமாகக் கோவையில் தரை வேலைதான் எடுத்துச் செய்கிறேன். முன்னால் லேமினேட், இப்போது பெரும்பாலும் எஸ்பிசி. என்னிடம் வாங்கச் சொல்லவில்லை, சென்னைக்கு நான் வருவதும் இல்லை. அதனால் தைரியமாகப் படிக்கலாம்.

முதலில் அந்த "மில்" விவகாரம். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12 மில் என்றால் சுமார் 0.3 மி.மீ., 20 மில் என்றால் சுமார் 0.5 மி.மீ. அதுதான் பலகையின் மேல் இருக்கும் கண்ணாடி மாதிரியான தேய்மானப் படலம். நீங்கள் பார்க்கும் தேக்கு என்பது அதற்கு அடியில் அச்சடித்த ஒரு படம். படலம் தேய்ந்து படம் வெளியே வந்தால் தரை போச்சு. மரத்தைப் போல இழைத்துப் புதுப்பிக்க முடியாது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி பலகை எத்தனை மி.மீ. என்பதல்ல, படலம் எத்தனை என்பதுதான். ஆள் நடமாட்டம் குறைந்த படுக்கையறைக்கு 0.3 போதும். ஹாலுக்கு 0.5-க்குக் கீழே நான் போடுவதில்லை.

அடுத்தது அந்த 5.5. அது அநேகமாக 4 மி.மீ. பலகையும் அடியில் ஒட்டிய 1.5 மி.மீ. நுரை ஷீட்டும் சேர்ந்த கணக்கு. பக்கவாட்டில் பாருங்கள், சாம்பலோ கறுப்போ ஒரு பஞ்சுப் பட்டை தெரியும். நடக்கிற சத்தம் குறைய அது நல்லதுதான், ஆனால் பலகையின் பலம் அதில் இல்லை. 115 ரூபாய்ப் பலகையும் 165 ரூபாய்ப் பலகையும் உள்ளே ஒரே 4 மி.மீ.யாக இருக்கலாம். கேட்டு வாங்குங்கள்.

எஸ்பிசி என்பது சுண்ணாம்புக்கல் பொடியையும் பிவிசியையும் சேர்த்து அழுத்திய பலகை. கனமாக, விறைப்பாக இருக்கும். டபிள்யூபிசி என்று இன்னொன்று காட்டுவார்கள். அதன் நடுப்பகுதி நுரைத்த பிளாஸ்டிக். காலுக்கு மெத்தென்று இருக்கும், கட்டில் கால் அழுத்தினால் பள்ளமும் விழும். 2 மி.மீ. ஒட்டுவதை உங்கள் மொசைக்கில் போட வேண்டாம். அது துணி மாதிரி. கீழே இருக்கும் குழி, கீறல் எல்லாம் ஆறு மாதத்தில் மேலே வந்து முகம் காட்டும்.

---

பழையவீடு · ஜனவரி 13, காலை 6:20

நல்ல மொசைக்கை மூடிவிட்டு மேலே மரம் மாதிரி பிளாஸ்டிக் போடுவது எனக்குப் புரியவே இல்லை. மெஷின் வைத்து இழைத்து, குழியில் சிமென்டும் சில்லும் போட்டு அடைத்து, பாலிஷ் அடித்தால் இன்னும் முப்பது வருஷம் வரும். மே மாதம் மத்தியானம் வெறும் மொசைக்கில் தலையணை போட்டுப் படுக்கிற சுகம் எந்த வினைலில் கிடைக்கும்?

---

மாம்பலவாசி · ஜனவரி 13, காலை 8:05

@பழையவீடு அண்ணா, அந்தச் சுகம் எனக்குத்தான். மார்கழியில் காலையில் எழுந்ததும் அதே தரையில் கால் வைத்தால் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொள்கிறது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை மூன்று கால்மிதி போட்டு வைத்திருக்கிறோம். அந்த மிதியடிகளே வழுக்கிவிடுமோ என்பது அடுத்த பயம்.

---

மிசிசாகா_மாமா · ஜனவரி 13, காலை 9:30

தம்பி, நான் கனடாவில் இருந்து எழுதுறன். இஞ்ச பேஸ்மென்டுக்கு வினைல் பலகை போடாத தமிழ்ச் சனம் குறைவு. "வாட்டர்புரூஃப்" பற்றி என்ர கதையைச் சொல்லிவிடுறன், பிறகு நீங்களே யோசியுங்கோ.

2013 ஜூலை 8-இல் இஞ்ச ஒரு மழை. டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் மட்டும் 126 மி.மீ. எங்கட பேஸ்மென்டில் அப்ப லேமினேட். அதன்ர நடுப்பகுதி அழுத்தின மரத்தூள்தானே. தண்ணி வடிஞ்ச பிறகு பார்த்தால் பொரிச்ச அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் ஊதி நிக்குது. முழுக்க அள்ளி எறிஞ்சு போட்டு வினைல் பலகை போட்டனான்.

2024 ஜூலை 16-இல் திரும்பவும் அதே கதை, பியர்சனில் ஏறக்குறைய 98 மி.மீ. பலகைக்கு ஒண்டும் நடக்கேல்லை, உண்மைதான். ஆனால் தண்ணி பொருத்துக்குள்ளாலும் ஓரத்தாலும் கீழ போட்டுது. மேல துடைச்சுப் போட்டு "நல்ல காலம்" எண்டு இருந்தோம். ஒன்பது பத்து நாளில் ஈரச் சாக்கு மணம். கடைசியில் ஓரச் சட்டத்தைக் கழட்டி, பலகை ஒவ்வொண்டாக் கழட்டி, முன்வாசலில் வைச்சுக் கழுவி, நிலத்துக்கு விசிறி போட்டுக் காயவைச்சுத் திரும்பப் பூட்டினன். கால்வாசிப் பலகையில், ஒண்டை மற்றதோட பூட்டுற ஓர நாக்கு உடைஞ்சு போச்சு.

விளங்குதோ? வாட்டர்புரூஃப் எண்டது பலகைக்கு. தரைக்கு இல்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வாளித் தண்ணி ஊத்திக் கழுவுற வீட்டில் அந்தத் தண்ணி எங்க போகும்?

---

தளக்காரன்_கோவை · ஜனவரி 13, காலை 10:10

மாமா சொன்னதற்கு மேல் இல்லைங்க. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைக்கலாம், டம்ளர் தண்ணீர் கொட்டினால் துடைத்துவிடலாம். வாளி ஆகாது. கடைக்காரர் கழுவலாம் என்று சொல்வதை பில்லில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

---

வேளச்சேரி_கீழ்வீடு · ஜனவரி 13, மதியம் 1:15

நாங்கள் ஒட்டுகிற வகை போட்டிருந்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு பசை விட்டு மூலைகள் எல்லாம் வாழை இலை மாதிரி சுருண்டுவிட்டன. தரைத்தளத்தில் இருப்பவர்கள் டைல்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டாம் மாடிக்கு இந்தக் கவலை இல்லை.

---

தெம்பனிஸ்_தோழி · ஜனவரி 13, மாலை 7:45

சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் இது மிகச் சாதாரணம். புது வீடு வாங்கும்போதே படுக்கையறைக்கு வினைல், ஹாலுக்குப் பளபள டைல் என்றுதான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். நான் 2019-இல் பழைய வீட்டு டைல் மேல் போட்டேன். ஆறு வருஷ அனுபவத்தில் யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லாத மூன்று விஷயம்.

ஒன்று, ரப்பர் அடிப்பாகம் உள்ள கால்மிதி. ரப்பரில் இருக்கும் ரசாயனம் வினைலுக்குள் இறங்கி மஞ்சள் கறை ஆகிவிடும். மிதியடியை எடுத்துப் பார்த்தபோது அதே அளவில் ஒரு செவ்வகம். எதைப் போட்டுத் தேய்த்தும் போகாது, ஏனென்றால் அது மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. பருத்தி மிதியடி மட்டும் போடுங்கள். @மாம்பலவாசி, அந்த மூன்று கால்மிதிகளைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டு, சாமி விளக்கு. கார்த்திகைக்கு அகல் வைத்தேன். பிவிசி சூட்டுக்கு இளகும். காலையில் அகலின் அடிவட்டம் தரையில் அப்படியே. இப்போது பித்தளைத் தட்டு இல்லாமல் விளக்கு கீழே இறங்குவதில்லை.

மூன்று, முடிச்சு. மர டிசைனில் கண் மாதிரி ஒரு முடிச்சு வருமே, கடையில் ஒரே பலகையைப் பார்க்கும்போது அழகாக இருந்தது. வீட்டில் விரித்த பிறகு நான்கு பலகைக்கு ஒருமுறை அதே கண். சோபாவில் உட்கார்ந்தால் ஏழு ஆந்தைகள் என்னையே பார்க்கின்றன.

---

தளக்காரன்_கோவை · ஜனவரி 13, இரவு 9:20

ஏழு ஆந்தை! இதற்கு ஒரு வழி உண்டு. கடையில் ஒரு பெட்டியை முழுக்கப் பிரித்துத் தரையில் அடுக்கச் சொல்லுங்கள். அச்சில் எத்தனை வேறு வேறு பலகை இருக்கிறது என்று எண்ணலாம். மலிவானதில் நாலைந்துதான் இருக்கும். முடிச்சு அதிகம் இல்லாத, நேர்க்கோடு ஓடும் டிசைன் எடுத்தால் திரும்ப வருவது கண்ணில் படாது. போடும்போது மூன்று நான்கு பெட்டியைக் கலந்து எடுத்துப் போட வேண்டும்.

விரல் நுனியால் தடவியும் பாருங்கள். நல்ல பலகையில் மரக்கோடு எங்கே ஓடுகிறதோ அங்கேதான் மேடுபள்ளம் இருக்கும். மட்டமானதில் படம் ஒரு பக்கம் போகும், சொரசொரப்பு ஒரு பக்கம் போகும்.

---

மருந்துக்கடை · ஜனவரி 14, காலை 11:00

வினைல் விஷம், புற்றுநோய் வரும் என்று ஒரு காணொளி பார்த்தேன். ஃபார்மால்டிஹைடு வருமாமே?

---

தெம்பனிஸ்_தோழி · ஜனவரி 14, மதியம் 12:30

அது லேமினேட் கதை என்று நினைக்கிறேன். 2015-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரிதாக வந்தது லேமினேட் மரத்தூள் பசையில் இருந்த ஃபார்மால்டிஹைடு பற்றி. வினைலுக்குக் கேட்க வேண்டியது தாலேட். பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்ப்பது. அதே 2015-இல்தான் ஹோம் டிப்போ தன் வினைல் தரைகளிலிருந்து தாலேட்டை நீக்குவதாக அறிவித்தது. பெட்டியில் பிளோர்ஸ்கோர் முத்திரை இருந்தால், காற்றில் கலக்கும் ஆவிகளுக்குச் சோதனை ஆகியிருக்கிறது என்று பொருள். பெட்டியை முகர்ந்து பாருங்கள். புது ரெக்ஸின் பை மாதிரி மூக்கை அறைந்தால் நான் வாங்க மாட்டேன்.

---

மாம்பலவாசி · ஜனவரி 19, மாலை 5:50

இரண்டு கடையிலிருந்து கையகலத் துண்டுகள் வாங்கி வந்து ஒரு வாரம் படுத்தி எடுத்தேன்.

அ: 4 மி.மீ., படலம் 0.3. ஆ: 4-உம் 1.5-உம், படலம் 0.5. (தளக்காரன் சொன்ன மாதிரியே 165 ரூபாய்க்காரர் கேட்ட பிறகுதான் "நுரை சேர்த்து சார்" என்றார்.)

வீட்டுச் சாவியால் நல்ல அழுத்தம் கொடுத்துக் கீறினேன். இரண்டிலும் கோடு விழுந்தது. ஈரத்துணியால் துடைத்தபோது ஆ-வில் பாதிக்கு மேல் மறைந்தது, அ-வில் நகம் மாட்டுகிற அளவுக்கு நின்றது. பக்கெட்டில் மூன்று நாள் ஊறப்போட்டேன், இரண்டும் அசையவில்லை. மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து ஓர் இரவு வைத்தேன். இரண்டிலும் மஞ்சள் ஏறியது. சோப்புக்குப் போகவில்லை. வெறுப்பில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வந்தேன், நான்காம் நாள் பார்த்தால் கறையைக் காணோம். மஞ்சள் வெயிலுக்கு வெளுக்கும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, "துணியில் பட்டாலும் அதைத்தானே செய்வோம்" என்றார். ஆனால் தரையைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோக முடியாதே.

தோசைக்கல் சோதனையை வீட்டம்மா அனுமதிக்கவில்லை.

இப்போது என் யோசனை: ஹாலை விட்டுவிடலாம். அம்மா கழுவுவதை நிறுத்தச் சொல்ல நான் தயாரில்லை. மேற்கு வெயிலும் அங்கேதான். படுக்கையறை இரண்டும் சேர்ந்து 230 சதுர அடி, அங்கே ஆ-வைப் போடலாம். சரியா?

---

பழையவீடு · ஜனவரி 19, மாலை 6:30

ஹால் மொசைக் தப்பித்தது. பாதி வெற்றி.

---

தளக்காரன்_கோவை · ஜனவரி 19, இரவு 8:40

சரியான முடிவுங்க. கண்ணாடிக் கதவு வழியாக மேற்கு வெயில் விழும் இடத்தில் பலகை சூடேறி விரியும், போக இடமில்லாவிட்டால் எழும்பும். இனி வேலைக்கு ஆள் வருவதற்கு முன் நீங்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். பலகை நல்லதாக இருந்தும் தரை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

மட்டம். மூன்று மீட்டர் நீளத்துக்கு 5 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. வீட்டில் பார்க்க எளிய வழி: கொத்தனார் வைத்திருக்கும் ஆறடி அலுமினியக் கட்டையைத் தரையில் படுக்கவைத்து, அடியில் இரண்டு ஒரு ரூபாய்க் காசை அடுக்கி நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அந்த இடத்தைக் கலவை போட்டு நிரப்ப வேண்டும். பள்ளத்துக்கு மேல் பலகை தொங்கினால் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் பூட்டு மடங்கும், ஒரு நாள் உடையும். "ஃபோம் இருக்கு, அட்ஜஸ்ட் ஆகிடும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இடைவெளி. இந்தத் தரை கீழே ஒட்டப்படுவதில்லை. பலகைகள் ஒன்றோடொன்று பூட்டி முழு அறைக்கும் ஒரே தகடாக மிதக்கும். சுவர், நிலைக்கால், தூண், எல்லா இடத்திலும் 8 முதல் 10 மி.மீ. விட வேண்டும். உங்கள் வீட்டில் மொசைக்கிலேயே ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) இருக்கும், அதை ஒட்டி ஒரு பீடிங் (மெல்லிய ஓரச் சட்டம்) வைத்தால் இடைவெளி மறைந்துவிடும். பீடிங்கைச் சுவரோடு பொருத்த வேண்டும், பலகையோடு அல்ல.

பாரம். தகட்டின் இரண்டு முனையிலும் கனத்தை ஏற்றி நகரவிடாமல் பிடித்தால் நடுவில் பூட்டு விடும். இரும்பு பீரோ ஒரே பக்கச் சுவரில் நிற்கட்டும். சுவரோடு கட்டிய அலமாரி என்றால் அதன் அடிவரை மட்டும் போடுங்கள், அடியில் வேண்டாம்.

கதவு. 5.5 மி.மீ. ஏறுகிறது. ஆசாரியை முதல் நாளே வரச்சொல்லிக் கதவின் அடியை இழைத்துவிடுங்கள். தரை போட்ட பிறகு ஞாபகம் வந்தால் கதவு திறக்காது, நீங்கள் உள்ளே இருப்பீர்கள்.

எண்ணிக்கை: 1220-க்கு 180 மி.மீ. பலகை, பெட்டிக்குப் பத்து என்றால் 23.6 சதுர அடி. 230-உடன் பத்து சதவீதம் சேதாரம், ஆக 11 பெட்டி. ஒன்று கூட வாங்கிக் கட்டிலடியில் படுக்கவைத்து வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து அதே நிறம் கடையில் கிடைக்காது. வந்த பெட்டிகளை இரண்டு நாள் அந்த அறையிலேயே வைத்துவிட்டு அப்புறம் பிரிக்கச் சொல்லுங்கள்.

---

மிசிசாகா_மாமா · ஜனவரி 19, இரவு 9:15

இன்னொண்டு. பெட்டியில் வெலிங்கே அல்லது யூனிலின் எண்டு ஒரு உரிமச் சீட்டு இருக்குதோ பாருங்கோ. ஒண்டு சுவீடன், மற்றது பெல்ஜியம், இந்தப் பூட்டு முறையைக் கண்டுபிடிச்ச கம்பனிகள். எந்தப் பிராண்ட் நல்லது எண்டு என்னைக் கேட்டால் தெரியாது. பூட்டு நல்லதோ எண்டு ரெண்டு பலகையைப் பூட்டிக் கழட்டிப் பூட்டிப் பார்த்தால் கையே சொல்லும்.

---

மாம்பலவாசி · ஏப்ரல் 27, காலை 10:20

மன்னிக்கவும், முடித்துவிட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டேன். பிப்ரவரி முதல் வாரம் போட்டோம். 12 பெட்டி வாங்கினோம், ஒன்றரை மிச்சம். காசு சோதனையில் அம்மா அறை ஜன்னலோரம் தோற்றது, கலவை போட்டு ஒரு நாள் காயவிட்டோம். இரண்டு அறைக்கும் ஒன்றரை நாள்தான். கீழ்வீட்டுக்காரர் மேலே வரவே இல்லை. ஹால் மொசைக்கை மெஷின் வைத்து இழைத்தோம், குழி அடைத்த இடம் நிறம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. @பழையவீடு அண்ணாவுக்குப் படம் அனுப்புகிறேன்.

இப்போது பிரச்சினை. போன வாரம், நல்ல கத்திரி மாதிரி வெயில், மத்தியானம் என் அறையில் கதவருகே இரண்டு பலகை சேரும் இடம் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டது. விரலால் அழுத்தினால் இறங்குகிறது, விட்டால் எழும்புகிறது. ராத்திரி ஏசி போட்டால் தானாகப் படுத்துவிடுகிறது. போட்டவரிடம் போனில் சொன்னால் "கிளைமேட் சார், சரியாயிடும்" என்கிறார்.

---

தளக்காரன்_கோவை · ஏப்ரல் 27, காலை 11:05

நிலைக்காலுக்குப் பக்கத்தில் பீடிங்கைக் கழற்றிப் பாருங்கள். பலகை மரத்தில் முட்டிக்கொண்டு இருக்கும்.

---

மாம்பலவாசி · ஏப்ரல் 27, மாலை 4:30

முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்று சுவரிலும் இடைவெளி விட்டவர், நிலைக்காலைச் சுற்றி வெட்டச் சோம்பல்பட்டு ஒட்டி வைத்திருக்கிறார். ஒரு தாள்கூட நுழையவில்லை.

ஆசாரியைக் கூப்பிட்டேன். உளியும் சின்ன மெஷினும் வைத்து நிலையின் அடியை ஒரு விரல் அகலம் வெட்டி, பலகை அதற்கு அடியில் நுழைகிற மாதிரி செய்தார். இருபது நிமிஷ வேலை. வெட்டி முடித்ததும் தரை டக்கென்று ஒரு சத்தம் போட்டு இறங்கியது, நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். இப்போது மணி நாலரை, அறைக்குள் நல்ல சூடு, கூடாரம் இல்லை.

அம்மா அறையிலும் அதே ஆள்தான் போட்டார். ஆசாரி அங்கேயும் பீடிங்கைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். கால்மிதி மூன்றும் ரப்பர் அடிதான், பிப்ரவரியிலேயே ஹாலுக்கு மாற்றிவிட்டோம்.